நம்பி ஓட்டுறதா, ரசிச்சு ஓட்டுறதா: எந்தச் சுகம் எந்தச் செலவை இழுத்துட்டு வரும்?

நாலாம்கியர்

வண்டி வாங்குற பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "காலையில சாவியைத் திருப்பினா கிளம்பணும், அவ்வளவுதான்" என்கிறது. இன்னொரு கட்சி, "தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ற இடம், மனசுக்குப் பிடிக்கணும்" என்கிறது. ரெண்டிலும் நியாயம் இருக்கு. ஆனா பேச்சு எப்பவும் கம்பெனி பேரில் போய் முட்டிக்கிட்டு நின்னுடுது. இந்த இழையில பாகம் பாகமாப் பேசலாம்னு ஆசை.

பேச வசதியா ஒரு கணக்கு வச்சுக்குவோம். வயசு 5–6 வருஷம், ஓடினது 70,000–90,000 கி.மீ., வாங்கினா இன்னும் 8 வருஷம் வச்சுக்கணும்.

வண்டி அ: 1.8 லிட்டர், டர்போ (காத்தை அழுத்தித் திணிக்கிற விசிறி) இல்லை, போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோல் வால்வுக்கு முன்னாடி தெளிக்கும்), டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியா இழுவையைக் கடத்துறது), 16 அங்குல ரிம். பார்க்க சாதாரணம்.

வண்டி ஆ: 1.4 லிட்டர் டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கிற ஆட்டோமேட்டிக் பெட்டி), 18 அங்குல ரிம், முழுக் கண்ணாடிக் கூரை, அடாப்டிவ் டேம்பர் (இறுக்கம் தானா மாறுற ஷாக் அப்சார்பர்). பார்க்கவும் அழகு, ஓட்டவும் சுகம்.

ஆ-வில் இருக்கிற எந்தச் சுகம் உண்மையிலேயே காலை வாரும், எதுக்கு நாம வீணா பயப்படுறோம்?

டார்க்ரெஞ்ச்

முதலில் "நம்பகம்" என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்திருப்பதைப் பிரிக்க வேண்டும். எந்தப் பழுதைப் பற்றிக் கேட்டாலும் மூன்று கேள்வி போதும். வண்டி வழியில் நிற்குமா? நிற்காமல் பெரிய பில் வைக்குமா? அல்லது எரிச்சல் மட்டும்தானா?

பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டூயல் கிளட்ச் பெட்டியின் மெகாட்ரானிக் யூனிட் (கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி) எல்லாம் முதல் வகை. முன்னறிவிப்பு குறைவு, போனால் இழுவை வண்டியில்தான் வீடு திரும்பணும். டேம்பரில் எண்ணெய்க் கசிவு, டர்போ வேஸ்ட்கேட் (உபரிப் புகையைத் திருப்பிவிடும் கதவு) கடகடப்பு, டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வை உறிஞ்ச உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) தேய்மானம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எல்லாம் இரண்டாம் வகை. மாதக்கணக்கில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகும், ஆனால் செலவு வைக்கும். திரை உறைந்து நிற்பது, பின்பக்கக் கேமரா இருட்டடிப்பது, டேஷ்போர்டு கிறீச்சிடுவது மூன்றாம் வகை.

ஆய்வு அறிக்கைகளைப் படிக்கும்போதும் இந்தப் பிரிவு மனதில் இருக்கணும். வண்டி வாங்கியவர்களிடம் கேட்டு அறிக்கை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான ஜே.டி. பவரின் இனிஷியல் குவாலிட்டி ஆய்வு புது வண்டியின் முதல் 90 நாளைப் பற்றியது. டிபெண்டபிலிட்டி ஆய்வு மூன்று வருடம் ஆன வண்டிகளைப் பற்றியது. இரண்டும் "100 வண்டிக்கு எத்தனை குறை" என்று எண்ணுகின்றன. அந்த எண்ணில் புளூடூத் இணையாததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. ஜெர்மனியின் டியூவி அறிக்கை கட்டாயப் பரிசோதனையில் பிடிபட்டதை வயது வாரியாகக் காட்டும். விளக்கு, பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் மூட்டு, எண்ணெய்க் கசிவு அதில் நன்றாகத் தெரியும். டைமிங் செயின் தளர்வு அதில் சிக்காது. மூன்று அறிக்கையிலும் ஒரே கம்பெனி மூன்று இடத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். அட்டவணையின் மொத்த எண்ணை விட்டுவிட்டு, இன்ஜின், கியர்பாக்ஸ், கூலிங் என்று பிரித்துக் கொடுத்த வரிகளைப் பாருங்கள்.

வீட்டில் ஒரே வண்டி என்றால் முதல் வகைப் பழுதுக்கு இடமே கொடுக்கக் கூடாது. இரண்டு வண்டி இருந்தால் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

வளைவுப்பாதை

ஓட்டும் சுகம்னா குதிரைத்திறன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பலர் ஆ மாதிரி வண்டிக்குப் போறாங்க. அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. கைக்கும் முதுகுக்கும் தெரியுற சுகம் எங்கிருந்து வருது பாருங்க: வண்டியோட எடை, சீட் உட்காரும் உயரம், ஸ்டீயரிங் சொல்ற சேதி, ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உடனே கிடைக்கிற பதில், பிரேக் பெடலோட கடினம், டயர். இதுல எதுவும் அடிக்கடி பழுதாகுற ஐட்டம் கிடையாது!

1989-ல வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதுக்கு நேரடி சாட்சி. முதல் தலைமுறை 1.6 லிட்டர், டர்போ இல்லை, எடை ஒரு டன்னுக்குள்ள, மேனுவல் கியர், பின்சக்கர இழுவை. நீளமா இன்ஜின் வச்ச எளிய அமைப்பு. கை நுழைய இடம் இருக்கு. பத்து லட்சத்துக்கு மேல வித்து, உலகத்துலயே அதிகம் வித்த திறந்த கூரை ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்னு பேர் வாங்கினது இதுதான். 1999-ல வந்த ஹோண்டா எஸ்2000 இன்னொண்ணு: 2 லிட்டர், டர்போ இல்லாம 9,000 ஆர்பிஎம் வரை சுத்தும். அதுக்கு வேண்டியதெல்லாம் ஆயில் அளவை அடிக்கடி பார்க்கணும், வால்வ் கிளியரன்ஸை அட்டவணைப்படி சரிபார்க்கணும்.

அழகுக்கும் இதே கதைதான். லெக்ஸஸ் எல்சி500 மாதிரி பார்வைக்கு அப்படி இருக்கிற வண்டிக்குள்ள இருக்கிறது டர்போ இல்லாத 5 லிட்டர் வி8. தகடு வளைஞ்ச விதத்துக்கு சர்வீஸ் பில் வராது.

பழையபிஸ்டன்

எம்எக்ஸ்-5-ஐ சாமியா கும்பிட வேண்டாம். 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 இன்ஜின்ல கிராங்க் தண்டோட முன்முனை, அதாவது மூக்கு, குட்டை. முன் புல்லி போல்ட் சரியான டார்க்கில் இறுக்கப்படலைன்னா புல்லியைப் பிடிக்கிற சாவி பள்ளம் தேஞ்சு, டைமிங் புல்லி ஆடி, வால்வ் டைமிங் பின்னால நகரும். டைமிங் பெல்ட் மாத்தினவர் அசட்டையா இருந்தா போதும். அடையாளம் சுலபம்: கிராங்க் புல்லி முகப்பில் 4 வெட்டு இருந்தா குட்டை மூக்கு, 8 வெட்டு இருந்தா திருத்தின நீள மூக்கு. "அந்த மாடல் கல்லு மாதிரி" என்ற பேச்சுக்கெல்லாம் எந்த வருஷம், எந்த இன்ஜின் என்ற கேள்வியைத் திருப்பிக் கேளுங்க.

ஆயில்கறை

ஆ வண்டியோட இன்ஜினுக்கு வர்றேன். டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பாயுது. இன்டேக் வால்வோட முதுகுல பெட்ரோல் படவே படாது. பிசிவி (இன்ஜின் உள்புகையைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புற வால்வ்) வழியா வர்ற எண்ணெய்ப் புகை அந்தச் சூடான வால்வ்ல ஒட்டி ஒட்டி, கருப்பா மொறமொறன்னு கரி கட்டும். போர்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோலே அதைக் கழுவிக்கிட்டு இருக்கும். அறிகுறி: குளிர்ந்த ஸ்டார்ட்ல முதல் நிமிஷம் இன்ஜின் உதறும், ஐடில் நிலையா நிக்காது, இழுவை மெல்ல மெல்லக் குறையும்.

பெட்ரோல்ல ஊத்துற கிளீனர் இங்க உதவாது, ஏன்னா அந்தப் பக்கமே பெட்ரோல் போறதில்லை. வால்நட் ஓட்டுத் தூள் அடிச்சுத்தான் எடுக்கணும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டு, கிராங்கைத் திருப்பி அந்த சிலிண்டரோட இன்டேக் வால்வ் ரெண்டும் மூடியிருக்கான்னு உறுதி பண்ணு, வேக்குவம் பொருத்தின அடாப்டரை போர்ட்ல வச்சுத் தூளை அடி, சுத்தமா உறிஞ்சு எடு, அடுத்த சிலிண்டர். மூடாத வால்வ் வழியா தூள் உள்ள போனா அதுவே பெரிய தலைவலி. மேனிஃபோல்ட் கேஸ்கெட் புதுசு போடணும். மைலேஜ் 90,000 தொட்ட வண்டி வாங்கினா இந்த ஒரு வேலையைச் செலவுக் கணக்கில் முதல்லயே சேர்த்துடுங்க. டொயோட்டாவோட டி-4எஸ் மாதிரி போர்ட், டைரக்ட் ரெண்டு இன்ஜெக்டரும் உள்ள இன்ஜின்ல இந்தப் பிரச்சினை பெருமளவு அடங்கிடும். ஸ்பெக் ஷீட்ல அதைத் தேடிப் பாருங்க.

அடுத்தது, சின்ன டர்போ இன்ஜினை உயர் கியர்ல 1,500 ஆர்பிஎம்ல வச்சு முழு மிதி மிதிக்கிற பழக்கம். டார்க் (திருப்பு விசை) அங்கேயே கிடைக்குது, மிதிச்சா சுகமாத்தான் இருக்கும். ஆனா அந்த இடத்துலதான் ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கிற எல்எஸ்பிஐ வரும். ஒரு பலமான அடியில பிஸ்டன் ரிங் உட்கார்ற விளிம்பே உடையலாம். ஆயில்ல இருக்கிற கால்சியம் டிடர்ஜென்ட் அதைத் தூண்டும்னு தெரிஞ்சதும்தான் 2018-ல ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் அமைப்பு) வகுத்த எஸ்என் ப்ளஸ், 2020-ல எஸ்பி தரம் வந்தது. ஆகவே எஸ்பி ஆயில் போடுங்க, 8,000–10,000 கி.மீ.-க்கு ஒரு தடவை மாத்துங்க, ஏத்தத்துல ஒரு கியர் இறக்கி 2,500-க்கு மேல வச்சுக்குங்க. வேகமா ஓட்டி வந்தா கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர் மெதுவா வாங்க. டர்போ தண்டுல நிக்கிற ஆயில் வெந்து கரியானா, அந்தக் கரி ஆயில் வர்ற குழாயை அடைக்கும்.

இவ்வளவையும் செய்யுறவருக்கு டர்போ பயமில்லை. செய்யாதவர் விட்டுட்டுப் போன டர்போ வண்டிதான் பயம்.

மௌனஇன்ஜின்

ஒரு எதிர்க்கருத்து. வண்டி கிளம்புமா என்ற சந்தேகமே இல்லாமல் தொலைதூரப் பயணத்துக்குத் திட்டம் போடுவதும் ஓட்டும் சுகத்தில் சேர்த்திதான். டொயோட்டா ஹைப்ரிட் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இ-சிவிடி என்று பெயர்தான். உள்ளே இரும்புப் பட்டையும் இல்லை, நழுவும் கிளட்சும் இல்லை. ஒரு பிளானட்டரி கியர் தொகுதி, இரண்டு மோட்டார், அவ்வளவுதான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. பாதி பிரேக் வேலையை மோட்டாரே செய்வதால் பேட் நீண்ட நாள் வரும். கவனிக்க வேண்டியது பின்சீட் பக்கத்தில் இருக்கும் பேட்டரி விசிறியின் ஃபில்டர். தூசும் முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறிச் சீக்கிரம் கிழடாகும். வருடம் ஒருமுறை கழற்றி ஊதினால் போதும்.

வளைவுப்பாதை

@மௌனஇன்ஜின் நீங்க சொல்ற நிம்மதியை மறுக்கலை. ஆனா மிதிச்சதும் இன்ஜின் ஒரே சுருதியில கத்திக்கிட்டு இருக்க, வேகம் பின்னால மெதுவா வர்றது சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. அது ருசி சமாச்சாரம். டெஸ்ட் டிரைவ்ல 10 நிமிஷம் போதாது. ஒரு மணி நேரம், வளைவு, மேடு, நெரிசல் மூணையும் சேர்த்து ஓட்டிட்டு முடிவு பண்ணணும்.

கேம்பர்

ரிம்மைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அழகுக்காக வாங்கி, சுகத்தையும் சஸ்பென்ஷனையும் சேர்த்து இழப்பது இந்த ஒரு இடத்தில்தான். கணக்கைப் பாருங்கள்.

205/55 ஆர்16: டயர் சுவரின் உயரம் 113 மி.மீ., மொத்த விட்டம் 632 மி.மீ.
225/45 ஆர்17: சுவர் 101 மி.மீ., விட்டம் 634 மி.மீ.
225/40 ஆர்18: சுவர் 90 மி.மீ., விட்டம் 637 மி.மீ.

சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். 16-இலிருந்து 18-க்குப் போனால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே 23 மி.மீ. ரப்பரும் காற்றும் குறைகிறது. அந்த அடி ரிம்முக்கும், பால் ஜாயின்டுக்கும், டேம்பரின் மேல் மவுன்டுக்கும் போகிறது. சாதாரண வார்ப்பு ரிம் என்றால் சக்கரத்துக்கு 2–3 கிலோ கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை என்பதால் டேம்பருக்கு வேலை அதிகம். ஸ்டீயரிங் திரும்பும் முதல் கணத்தில் ஒரு கூர்மை கிடைக்கும், உண்மைதான். 16 அல்லது 17 அங்குல ரிம்மில் நல்ல தரமான டயர் போட்டால் அந்தக் கூர்மையில் பெரும்பகுதியும் கிடைக்கும், ரிம்மும் பிழைக்கும்.

இன்னொன்று, 80,000 கி.மீ. ஓடிய வண்டியை ஓட்டிப் பார்த்து "இதுக்குக் கையாளும் சுகமே இல்லை" என்று தள்ளிவிடுகிறார்கள். அங்கே பேசுவது பெரும்பாலும் தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டு ரப்பர். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் மூக்கை நீட்டும், நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருக்கும். நான்கு புஷ், இரண்டு பால் ஜாயின்ட், ஆன்டி ரோல் பார் லிங்க் மாற்றி வீல் அலைன்மென்ட் செய்தால் வேறு வண்டி.

அந்த வேலையில் நிறையப் பட்டறைகள் ஒரு படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு சேர்த்தே ஒட்டப்பட்டவை. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வரும், சுழலாது. வண்டி லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் கீழே இறங்கிக் கிடக்கும். அந்த நிலையிலேயே போல்டை முழுசாக இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். பள்ளம் ஏதும் இல்லாமலே சில மாதங்களில் விளிம்பில் கிழிய ஆரம்பிக்கும். செய்ய வேண்டியது இது. வேலை தொடங்குமுன் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். புது ஆர்மைப் பொருத்தி போல்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஹப்புக்கு அடியில் ஜாக் வைத்து அதே அளவு வரும்வரை உயர்த்துங்கள். அப்போது டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பாலியூரிதேன் புஷ் என்றால் உள்ளே ஸ்லீவ் தனியாகச் சுழலும், இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கான கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச் கிறீச் என்று உயிரை எடுக்கும், அதிர்வும் உள்ளே கூடுதலாக வரும். தினசரி வண்டிக்கு ரப்பரே என் தேர்வு.

நாலாம்கியர்

@கேம்பர் இந்த ஒரு பதிவுக்காகவே இழை ஆரம்பிச்சது பலன். அப்போ 18 அங்குலத்தை இறக்கிடலாம். கியர்பாக்ஸ்? டூயல் கிளட்ச் பத்தி ஆளுக்கொரு கதை சொல்றாங்க.

டார்க்ரெஞ்ச்

டூயல் கிளட்ச் என்பதே இரண்டு சாதி. உலர் கிளட்ச், ஆயிலில் நனையும் கிளட்ச். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 கியர் டிக்யூ200 உலர் வகை. 6 கியர் டிக்யூ250 நனையும் வகை. உலர் கிளட்சைக் குளிர்விக்கக் காற்று மட்டும்தான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது பாதி பிடித்து, பாதி நழுவி, சூடேறி, முகப்பில் கண்ணாடி மாதிரிப் படலம் கட்டும். அப்புறம் முதல் கியரிலும் இரண்டிலும் உதறல். நெரிசலே வாழ்க்கை என்றால் உலர் வகை வேண்டாம், நெடுஞ்சாலைதான் என்றால் எடுக்கலாம். எடுத்தால் ஊர்வதைத் தவிர்த்து, முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விட்டு ஒரேடியாக நகருங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக் எதற்கு இருக்கிறது. நனையும் வகைக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் கெடு உண்டு. டிக்யூ250-க்கு 60,000 கி.மீ. அந்த ரசீது இல்லாத வண்டியைத் தொட வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டரில் ஒரே எதிரி "லைஃப்டைம் ஆயில்" என்ற வார்த்தை. இசட்எஃப் கம்பெனியே தன் 8 கியர் பெட்டிக்கு 80,000 முதல் 120,000 கி.மீ.-க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியில் ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு ஒட்டியே வரும், மொத்தமாக மாற்றணும். அளவு பார்ப்பது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டி மட்டமாக நிற்கும்போது, ஆயில் சூடு கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்கும்போது மட்டும். சூடேறிய பின் நிரப்புத் துளையில் வழிவதைப் பார்த்து "சரி" என்று மூடினால் அரை லிட்டர் குறைவாகவே போயிருக்கும்.

மேனுவல் பெட்டிதான் மூன்றிலும் நிம்மதி. ஃப்ளைவீல் டூயல் மாஸா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச் மாற்றும்போது அதையும் பார்க்கணும். இன்ஜினை அணைக்கும்போது "டொக்" என்று சத்தம் வந்தால் அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

பழையபிஸ்டன்

அழகுச் சாமான் பக்கம் வருவோம், சுருக்கமா.

கண்ணாடிக் கூரை: நாலு மூலையிலும் தண்ணி வடியக் குழாய் இருக்கு. அது அடைச்சா தண்ணி கூரைத் துணி வழியா இறங்கி, தரை விரிப்புக்கு அடியில தேங்கும். அங்கதான் பல வண்டிகள்ல வயரிங் முடிச்சும் கன்ட்ரோல் யூனிட்டும் இருக்கு. ஒரு குவளைத் தண்ணியை மெதுவா மூலையில ஊத்துங்க, அந்தப் பக்கம் சக்கரத்துக்குப் பின்னால வடியணும். வடியலைன்னா நைலான் கம்பி விட்டுக் குத்துங்க. காற்றழுத்தம் அடிக்காதீங்க, உள்ள இருக்கிற இணைப்பு கழண்டுக்கும்.

எல்இடி ஹெட்லைட்: பல்ப் மாத்துற கதை கிடையாது, பெரும்பாலும் முழு யூனிட். உள்ள ஈரம் தேங்கினா டிரைவர் போர்டு போகும். லேசான பனி மாதிரி மூட்டம் விளக்கு எரிஞ்சதும் போயிடுச்சுன்னா பரவாயில்லை. துளி துளியா நின்னா சீல் போயிடுச்சு.

ஏர் சஸ்பென்ஷன்: ராத்திரி நிறுத்தி, நாலு மூலையிலும் உயரம் அளந்து, காலையில திரும்ப அளங்க. ஒரு மூலை இறங்கியிருந்தா அந்தப் பை கசியுது. சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி காட்டிக்கொடுக்கும். கசியுற பையை விட்டுவச்சா கம்ப்ரஸர் ஓயாம ஓடி அதுவும் எரியும். ஒரு பையோட செலவு ரெண்டாகிறது இப்படித்தான்.

அடாப்டிவ் டேம்பர்: கசிஞ்சா சாதாரண டேம்பரை விடப் பல மடங்கு விலை. ஆனா வழியில நிறுத்தாது. பிடிச்சிருந்தா வச்சுக்கலாம்.

வளைவுப்பாதை

எல்லாரும் பழுதை எண்ணிக்கிட்டே இருக்கோம். தெரிஞ்ச நோய்க்கு மருந்தும் தெரிஞ்சிருந்தா அந்த வண்டியை ஏன் ஒதுக்கணும்?

பிஎம்டபிள்யூ இ46 ஆறு சிலிண்டர் வண்டியை எடுங்க. ஸ்டீயரிங்குக்கு இன்னிக்கும் உதாரணமா காட்டுற வண்டி. அதுல வழியில நிறுத்துற பாகம் பெரும்பாலும் கூலிங் பக்கம்தான்: எக்ஸ்பான்ஷன் டேங்க், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸோட பிளாஸ்டிக் முனை. பிளாஸ்டிக் சூட்டுல வெந்து வெந்து உலர்ந்து, ஒருநாள் பிளக்கும். 100,000 கி.மீ. நெருங்கும்போது இவ்வளவையும் ஒரே தடவையில மாத்தி, கம்பெனி சொன்ன கூலன்ட்டை காய்ச்சி வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்தி, காத்து வெளியேத்தினா வேலை முடிஞ்சது. ஊசி மேல ஏறினா அடுத்த திருப்பம் வரைக்கும்கூட ஓட்டக்கூடாது. அலுமினியம் ஹெட் வளைஞ்சுடும்.

போர்ஷே பாக்ஸ்ஸ்டர் 986, 911-ன் 996 ரெண்டிலும் பேசப்படுற ஐஎம்எஸ் பேரிங்கும் (இன்ஜினுக்குள்ள இருக்கிற இடைத்தண்டைத் தாங்குறது) அப்படித்தான். கிளட்ச் மாத்த எப்படியும் கியர்பாக்ஸை இறக்கணும். அப்பவே பேரிங்கையும் மாத்திட்டா கூலி ஒண்ணுதான். அதே 996-லேயே டர்போவும் ஜிடி3-யும் வேற இன்ஜின், அதுல இந்தப் பேரிங் பிரச்சினையே கிடையாது.

ஆயில்கறை

@வளைவுப்பாதை அண்ணே, பாதி ஒத்துக்கிறேன். நோய் தெரிஞ்சா போதாது, கை நுழையுமான்னு பார்க்கணும். இ46 கூலிங் எல்லாம் முன்பக்கம், சாதாரணக் கருவியில முடியும். அதே கம்பெனியோட என்47 டீசல்ல டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல இருக்கு. செயின் விலை கொஞ்சம், அதைத் தொட இறக்குற வேலைதான் பெருசு. வாங்கும் முன்னாடி கேட்க வேண்டியது, "அந்தப் பாகத்துக்குப் போக எத்தனை மணி நேரக் கூலி?"

ஆயில்ல நனையுற டைமிங் பெல்ட்டும் இந்த வகைதான். பெஜோ, சிட்ரோயன் வண்டிகள்ல வந்த 1.2 ப்யூர்டெக் இன்ஜின்ல பெல்ட் ஆயில்ல ஊறி உப்பி, உதிர்ற துணுக்கு ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். முதல் அறிகுறி ஆயில் பிரஷர் எச்சரிக்கையா இருக்கலாம், இல்லைன்னா பிரேக் பெடல் கல்லாகலாம். வேக்குவம் பம்ப் வழியும் அடைபடுறதால அப்படி. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா பெல்ட் கண்ணுக்குத் தெரியும். அதோட அகலம் அளக்க ஒரு கேஜ் இருக்கு. உள்ள நுழையலைன்னா பெல்ட் உப்பிடுச்சு. அங்க கம்பெனி சொன்ன தரத்து ஆயில் தவிர எதுவும் ஊத்தக்கூடாது.

மருந்தே இல்லாத இடமும் உண்டு. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்ட ஒரு வரம். ஆனா பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி இன்ஜின் அது; ரோட்டர் முனையில அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற அபெக்ஸ் சீல் தேயுறது தேயுறதுதான். அதுக்குன்னே இருக்கிற கம்ப்ரஷன் கருவி இல்லாம வாங்குறது கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிணத்துல குதிக்கிற மாதிரி. இன்ஜின் சூடா இருக்கும்போது அணைச்சுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. இழுத்து இழுத்துப் பிடிச்சா விட்டுடுங்க.

மௌனஇன்ஜின்

அப்படியானால் பார்க்கும் முறையையும் சொல்லிவிடலாம். விற்பவரிடம், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முன்பே சொல்லுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் செயின் கடகடத்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மேல் சந்தேகம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டினால் எரர் கோட் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொண்ட கணக்கு) "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ சமீபத்தில் கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்துவரும் திருத்தம்) ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி; கூட்டலில் பத்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு, அல்லது பெட்ரோல் போதவில்லை.

கம்ப்ரஷன் அளந்தால் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருக்கணும். சந்தேகம் வந்தால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவைத் தேடுவது): காற்று சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடியில் சீறினால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட் கேஸ்கெட்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கணும் என்பது தரம். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரி. ரசித்து ஓட்டுகிறவர்கள்தான் பிரேக்கைச் சூடேற்றுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் மலைப்பாதையில் இறங்கக் கூடாது.

நாலாம்கியர்

எல்லாருக்கும் நன்றி. இப்போ எனக்குப் புரியுற வரை, அ-வா ஆ-வான்னு கேட்டதே தப்பு. ஆ வண்டியோட உடம்பும் ஸ்டீயரிங்கும் இருக்கட்டும்; அதே மாடல்ல டார்க் கன்வெர்ட்டரோ மேனுவலோ வந்த வேரியன்ட்டைத் தேடுறேன். கண்ணாடிக் கூரை இல்லாதது கிடைச்சா நல்லது. வால்வ் கரி எடுக்கிறதையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் வாங்குற விலையிலேயே கழிச்சுக்கணும். ரிம் 18-லிருந்து 16-க்கு இறக்கணும். @கேம்பர், எந்த 16 அங்குல ரிம்மும் நேரா உட்காருமா?

கேம்பர்

உட்காராது. முதலில் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டத்தைப் பாருங்கள். 312 மி.மீ. வரை பெரும்பாலும் 16 அங்குல ரிம் நுழையும், 340 மி.மீ. என்றால் 17-க்குக் கீழே போக முடியாது. டிஸ்க் நுழைந்தாலும் கேலிப்பரின் முதுகு ரிம் ஸ்போக்கில் உரசலாம். ரிம்மைக் கையால் மாட்டி, போல்டை லேசாக முடுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். போல்ட் வட்டம், நடுத்துளை விட்டம், ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) மூன்றும் கம்பெனி அளவோடு பொருந்தணும். நடுத்துளை பெரிதாக இருந்தால் சென்டரிங் ரிங் போடணும், இல்லையென்றால் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். டயரின் லோடு இன்டெக்ஸ் (தாங்கும் எடையின் குறியெண்) கதவுச் சட்டத்தில் ஒட்டிய எண்ணுக்குக் குறையக் கூடாது. பழைய ரிம்மின் பிரஷர் சென்சாரைக் கழற்றிப் புதிதில் மாட்டும்போது வால்வ் தண்டின் ரப்பர் சீலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கடைசியாக, டயர் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடைக்காரர் "புதுசு" என்று கொடுத்தாலும் அதைப் பார்த்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.